முட்டுச்சந்தைத் திறப்பதா, தூண் நட்டு வழி விடுவதா?

நகரின் கடைசித் தெரு ஒரு சுவரில் முட்டி நிற்கும். சுவருக்கு அப்பால் புது லேஅவுட் வந்ததும் "இடித்து மெயின் ரோட்டோடு சேர்த்துவிடலாம்" என்று பேச்சு கிளம்பும். நலச்சங்கத்தில் இரண்டு யோசனைகள் மோதும்: 30 அடித் தெருவை முழுதாகத் திறப்பது, இல்லையேல் தூண் நட்டு ஆளும் டூவீலரும் மட்டும் போக விடுவது. எங்கள் நகரில் இரண்டாவதையே தேர்ந்தோம். என் சாய்வும் அதன் பக்கம்தான்.

கூட்டத்தில் சத்தம், வேகம், பார்க்கிங் பற்றித்தான் தொண்டை வறளப் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் வேகத்துக்கு வேகத்தடை உண்டு (விதிப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், தெருவில் போடுவதோ முதுகை ஒடிக்கும் ஒல்லி மேடு). பிறகு சரிசெய்யவே முடியாதது ரோட்டு மட்டம்.

தண்ணீர் லாரியும் மணல் லாரியும் ஓடும் சாலையில் தார் சீக்கிரம் பெயரும். பெயர்ந்தால் மேலே இன்னொரு அடுக்கு. பழைய தாரைச் சுரண்டாமல் 40 மி.மீ. வீதம் மூன்று முறை போட்டால் கிட்டத்தட்ட 5 அங்குலம் ஏறிவிடும். முதலில் சம்ப் மூடி வழியே மழைநீர் இறங்கும், அடுத்து போர்ட்டிகோ, கடைசியில் வாசற்படி. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். உட்தெரு என்று வந்தால் அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைப் பக்கத்துத் தெருக்களின் வாசற்படிகளைப் பார்த்தே கணிக்கலாம்.

இன்னொன்று, அந்தச் சுவர் அணையாகவும் நிற்கக்கூடும். புது லேஅவுட்டில் மண் கொட்டி மேடேற்றியிருந்தால், சுவர் போன மறுமழையில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் ரோடு வழியே நம் தெருவுக்கு வரும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் (ட்யூப் லெவல்) போதும், அரை நாளில் தெரிந்துவிடும்: ஒரே குறியிலிருந்து சுவரின் இருபுறமும் ரோட்டு நடுவையும் ஓரத்தையும், பிறகு ஒவ்வொரு வாசற்படியையும் அளந்து எழுதுங்கள். "மழைநீர் வடிகால் அமைக்கப்படும்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். வடிகால் எங்கே போய் விழுகிறது என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும்.

தூண் வழியில் இந்தத் தலைவலி குறைவு. திறப்பில் தார் வேண்டாம், பேவர் பிளாக் பதிக்கலாம். அமுங்கினால் கழற்றி அதே மட்டத்தில் திரும்பப் பதிக்கலாம். தீயணைப்பு வண்டி ஏறும் என்பதால் 60 மி.மீ. போதாது, 80 மி.மீ. கல். நடுவில் 15 செ.மீ. மேடு, இருபுறமும் 1.8 மீட்டர் சரிவு வைத்தால் சக்கர நாற்காலி ஏறும், அந்த அளவு உயரம் வரை தண்ணீர் தாண்டாது. தூணாக 30 அடிக்கு 4 அங்குலக் குழாய் ஆறு, இடைவெளி 1.2 மீட்டர். ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர், நுழையாது. நடு இரண்டைக் கழற்றும்படி வைத்தால் தீயணைப்பு வண்டிக்கு 3.8 மீட்டர் திறக்கும்.

கழற்றும் தூண்தான் இதன் பலவீனம். குழிக்குள் மணல் அடைந்து இறுகும், பூட்டு துருப்பிடிக்கும், ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி யாரிடம் என்று தெரியாது. குழியின் அடியில் வடிதுளை, மாதம் ஒரு முறை கிரீஸ், திறப்பை ஒட்டிய இரண்டு வீடுகளில் சாவி. இதற்குப் பொறுப்பேற்க ஆளில்லாத நகரில் தூண் யோசனையை நானே சொல்லமாட்டேன்.

நகருக்கு ஒரே நுழைவு, அதுவும் மழையில் மூழ்கும் என்றால் முழுத் திறப்புதான் சரி. ரோட்டோர மனைக்குக் கடை வாடகை கிடைக்கலாம். உள்வீடுகளுக்கு அந்த லாபம் எட்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

திறப்புக்காகப் பட்டா நிலத்தை 2013 நில எடுப்புச் சட்டப்படி எடுத்தால், முதல் அறிவிப்பிலிருந்து 60 நாளுக்குள் கலெக்டரிடம் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். லேஅவுட் சாலை ஏற்கெனவே உள்ளாட்சிக்குத் தானமாக எழுதப்பட்டிருந்தால் அந்தக் கட்டமே வராது. அங்கே, எஸ்டிமேட் போடுமுன் மட்ட அளவுத் தாளைப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.