வலிக்காத பல்லோடு ஆறு வருடம்

ரூட் கேனால் செய்து கேப் போட்ட கீழ்க்கடைவாய்ப் பல், ஒரு தீபாவளிக்குச் சீடையைக் கடித்ததில் வேர்வரை விண்டுபோனது. பிடுங்கியாயிற்று. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து பிரிட்ஜ் கட்டினால், அந்த இரண்டு நல்ல பற்களையும் ராவ வேண்டும் என்றார்கள். மனசு வரவில்லை. தாடை எலும்பில் டைட்டானியத் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட்தான் என்று முடிவு செய்துவிட்டு, செலவை நினைத்து எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதுதான் தப்பு. பல் இல்லாத இடத்தில் எலும்பு தேய்ந்துவிடும். ஸ்கேனில் அகலம் குறைந்திருந்தது. எலும்புத்தூள் வைக்க வேண்டிவந்தது, அதற்குத் தனிச் செலவு.

திருகு வைக்கும்போது வலியே இல்லை, தாடைக்குள் உறுமும் சத்தம் மட்டும். இரண்டு நாள் தயிர்சாதம். அப்புறம் வெறும் காத்திருப்பு. டைட்டானியத்தை எலும்பு பற்றிக்கொள்ள வேண்டுமே! ஸ்வீடன் டாக்டர் பிரோனமார்க், முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் கழற்ற வராததைப் பார்த்துத்தான் இந்த வழிக்கே வந்தார். 1965-ல் மனிதருக்கு வைத்தார். எனக்கு நாலு மாதம் கழித்துப் பல் கட்டினார்கள்.

மெல்லுவதில் குறையே இல்லை. ஆனால் இந்தப் பல்லுக்கு உணர்ச்சி கிடையாது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார் இருக்கிறது. சோற்றில் கல் அகப்பட்டால் சட்டென்று சொல்வது அதுதான். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார் இல்லை. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது.

மூன்றாம் வருடம் பல் லேசாக ஆடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடினேன். தளர்ந்தது மேலே பல்லைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுதான். கொஞ்ச நேரத்தில் முறுக்கி அனுப்பிவிட்டார்கள். ஒட்டாமல் திருகிப் பொருத்திய பல்லாக இருந்ததால் உடைக்காமல் கழற்ற முடிந்தது. பல் கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் துலக்கும்போது ரத்தம். வலி இல்லாததால் நானும் பல மாதம் கண்டுகொள்ளவில்லை. சொத்தை வராது, ஆனால் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் அழுகலாம் என்று முதலில் பல் கட்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நல்லவேளை, எக்ஸ்ரேயில் எலும்பு பெரிதாக இறங்கவில்லை. ஆழமாகச் சுத்தம் செய்தார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொன்னார்கள். பல்லிடுக்குக்கான குட்டி பிரஷ் தினமும் ராத்திரி போடுகிறேன். கீரை சாப்பிட்ட நாளில் இரண்டு தடவை.

இப்போது இடப்பக்கம் மேலே ஒன்று ஆடுகிறது. மேல்தாடை எலும்பு மென்மையானது, திருகைப் பற்றிக்கொள்ள ஆறு மாதம்கூட ஆகலாம் என்கிறார் டாக்டர். ஆகட்டும். பிடுங்குவதற்கு முன்பே ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டேன்.