பறவை பார்க்கும் குழுவில் அரசியல்: எந்த வரம்பு சரி?

ஞாயிறு விடியலில் பைனாகுலரோடு ஏரிக்கரையில் கூடும் சின்னக் குழு எங்களுடையது. தேர்தல் சமயத்தில் ஒருநாள் கட்சிப் பேச்சு முற்றி, இரண்டு பேர் பாதியிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வரம்பு வேண்டும் என்பதில் அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்ன வரம்பு என்பதில்தான் இழுபறி.

முதலில் தோன்றியது முழுத் தடை. டீக்கடையிலும் சலூனிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று எழுதி வைப்பார்களே, அதே வழி. எந்தக் கட்சிக்காரரும் தன்னை மட்டும் அடக்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. வேடந்தாங்கலில் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம். அதை 3 கி.மீ. ஆகச் சுருக்க 2020-ல் முன்மொழிவு வந்தது. அதைப் பேசினால் அரசியலா, பறவையா? பள்ளிக்கரணையில் பூநாரைகளை எண்ணுகிறோம். அதே சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. அதைப் பற்றி வாயே திறக்காமல் வீடு திரும்ப என்னால் முடியாது. முழுத் தடை சண்டையை நிறுத்தும், சரி. அந்த நீர்நிலைக்காகப் பேசக்கூடியவர்களின் வாயையும் சேர்த்தே கட்டிவிடும்.

இதற்கு நேரெதிர் வழியை எடுத்தது ராவெல்ரி. கம்பளி பின்னுபவர்கள் 80 லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருந்த அமெரிக்க இணையச் சமூகம் அது. 2019 ஜூனில், டிரம்ப்பையும் அவருடைய அரசையும் ஆதரித்து அங்கே எதுவும் பதியக் கூடாது என்று அறிவித்தார்கள். அந்த ஆதரவு வெள்ளை மேலாதிக்கத்துக்கான ஆதரவுதான் என்பது அவர்கள் வாதம். ஆதரவாளர்கள் உறுப்பினர்களாகத் தொடரலாம், ஆதரவை அங்கே காட்டக் கூடாது, அவ்வளவுதான். தாக்கப்படுகிறவர்களுக்கு, இது நமக்கும் இடம் என்ற தெம்பை இது தரும். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் இருபது பேர் ஒரே வேனில் போகும் குழுவில் ஒரு பக்கத்தை மட்டும் தடுத்தால், அடுத்த வாரம் பாதி இருக்கை காலி. சாதியையோ மதத்தையோ சொல்லி ஒருவரை இழிவுபடுத்தினால் மட்டும் இந்தக் கண்டிப்பு எங்களுக்கும் வேண்டும். அதில் இரு பக்கமும் கேட்டு முடிவெடுக்க ஒன்றுமில்லை.

நடை முடிந்து இட்லிக் கடையில் பேசிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். செய்தும் பார்த்தோம். சண்டை இட்லிக் கடைக்கு இடம் மாறியது.

என் ஓட்டு நான்காவது வழிக்கு: ஏரி, காடு, வலசைப் பாதை இவற்றைத் தொடும் அரசாணை, திட்டம், வழக்கு எதையும் பேசலாம். எந்த ஆட்சி செய்த முடிவு என்றும் சொல்லலாம், அது தகவல். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதும், தலைவர்களைப் பற்றிய வசையும் வேண்டாம். எது எல்லை மீறல் என்று ஒவ்வொரு முறையும் யாராவது தீர்மானிக்க வேண்டியிருப்பது இதன் குறை. அந்தப் பொறுப்பை மாதம் ஒருவர் என்று சுற்றில் விட்டிருக்கிறோம். இந்த மாதம் என் முறை.