நிமிடமா, சொற்கணக்கா, நகரும் கோடா?

ஏற்காடு பஸ்ஸில் எனக்குப் படிக்கக் கிடைப்பது அடிவாரம் வரைதான். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. போனைப் பார்த்தால் குமட்டும். அதனால் கட்டுரையைத் திறக்கும் முன்பே அதன் நீளம் தெரிந்தாக வேண்டும். தலைப்புக்குக் கீழே '4 நிமிட வாசிப்பு' என்று போடுகிறார்களே, அதை நம்பித்தான் பல நாள் படித்தேன்.

போன மாதம் மேட்டூர் அணையைப் பற்றி ஒரு கட்டுரை. நாலு நிமிடம் என்று இருந்தது. சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டியதும் திறந்தேன். நீர்மட்டம், திறப்பு தேதி, கன அடி என்று வரிக்கு வரி எண்கள். அடிவாரம் வந்தபோது பாதிகூட முடியவில்லை.

அந்த நாலு எங்கிருந்து வருகிறது? யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதி வெளியிடக்கூடிய மீடியம் தளம் தன் கணக்கை வெளியே சொல்லியிருக்கிறது: நிமிடத்துக்குச் சுமார் 265 சொல், முதல் படத்துக்கு 12 விநாடி. ஆங்கிலத்துக்கு இது ஓரளவு சரி. தமிழுக்கு எப்படிச் சரியாகும்? 'வந்துகொண்டிருக்கிறார்கள்' நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் 'தே ஆர் கமிங்', மூன்று சொல். இங்கே ஒரு சொல்லைக் கடக்கவே கண்ணுக்கு அதிக நேரம் வேண்டும். சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு அதே தளம் சொல்லை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 500 எழுத்து என்று வைத்துக்கொள்கிறது. தமிழுக்கும் எழுத்தை எண்ணலாமே என்றால், அதிலும் சிக்கல். 'சேலம்' நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைப் பதியும் முறையான யூனிகோடில் ஏகாரக் கொம்பும் புள்ளியும் தனித்தனி என்பதால் கணினிக்கு ஐந்து.

நிமிடக் கணக்கில் என்னை உறுத்துவது இன்னொன்று. கண்ணாடி போட்டு நிதானமாகப் படிக்கிற என் அத்தை ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, மூணு நிமிசம்னு போட்டிருக்குது, எனக்குப் பத்து ஆயிருச்சே. மத்தவங்கெல்லாம் அவ்வளவு வேகமாவா படிக்கிறாங்க?" அவர் ஒரு வரியைக்கூட விடாமல் படித்திருந்தார். அப்படிப் படித்தவரைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்தது அந்த எண்.

சொற்கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. '800 சொல்' என்பது கிலோமீட்டர் கல் மாதிரி. யார் வண்டி எவ்வளவு வேகம் என்று அது பேசாது. கடிகாரம் வைத்துப் பார்த்ததில், தமிழ்க் கட்டுரை என்றால் நிமிடத்துக்கு 120 சொல் போல எனக்கு ஓடுகிறது. அப்புறம் வகுத்துக்கொள்வது என் பாடு. '800 சொல்' என்றால் எவ்வளவு என்று எல்லோருக்கும் சட்டெனப் பிடிபடாது என்பது உண்மைதான். நாலைந்து கட்டுரை படித்தால் பழகிவிடும்.

எவ்வளவு படித்தோம் என்று காட்டியபடி பக்கத்தின் உச்சியில் நகரும் கோடு, படிக்கும்போது நல்ல துணை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு எண் எழுதியிருப்பதைப் பார்த்து இன்னும் எத்தனை என்று மனசு கணக்குப் போடுமே, அதே ஆறுதல். ஆனால் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவாது. சில தளங்களில் அடியில் உள்ள விளம்பரத்தையும் சேர்த்து அளப்பதால், கட்டுரை முடிந்தும் கோடு பாதியில் நிற்கும்.

நிமிடம்தான் வேண்டும் என்றால், மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் பக்கம் புரட்டும் வேகத்தைக் கவனித்து, அத்தியாயம் முடிய மீதி நேரத்தைச் சொல்கிறது. அது நம்முடைய நிமிடம். சாதாரணத் தளங்களில் அந்த வசதி வரும்வரை, தலைப்புக்குக் கீழே சொற்கணக்கு, உள்ளே நகரும் கோடு, இரண்டும் இருந்தால் எனக்குப் போதும்.

அத்தைக்குக் கட்டுரை அனுப்பும்போது இப்போது நானே மேலே ஒரு வரி எழுதிவிடுகிறேன்: 'சுமார் 500 சொல், நடுவில் ஒரு அட்டவணை இருக்குதுங்க அத்தை, மெதுவாப் படிங்க.'