ரோசேசியாவுக்கு மூன்று கிரீம்கள்: நான் ஏன் ஐவர்மெக்டினில் நின்றேன்

ரோசேசியா என்பது முகத்தில் வரும் நாள்பட்ட தோல் அழற்சி. மாநிறத் தோலில் அதன் சிவப்பு சட்டென்று தெரியாது. என் கன்னத்தில் அது கறுத்த திட்டாகவும், விடாத எரிச்சலாகவும், பரு மாதிரியான சின்னக் கட்டிகளாகவும்தான் வந்தது. இரண்டு வருஷம் பரு என்றே நினைத்து பரு மருந்து தடவினேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். பருவோடு வரும் கருமுனையும் வெண்முனையும் இதில் இருக்காது என்று தோல் டாக்டர் காட்டிய பிறகுதான் எனக்கே விளங்கியது. அதற்கப்புறம் மெட்ரோநிடசோல், அசெலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் போட்டுப் பார்த்தேன்.

ரோசேசியா ஒரே காரணத்தால் வருவதல்ல. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. தோல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கேத்தலிசிடின் என்ற பொருள் ரோசேசியா உள்ளவர்களுக்கு அளவு மீறிச் சுரந்து அழற்சியைக் கிளப்புகிறது. எல்லோர் முகத்திலும் மயிர்க்கால்களுக்குள் வாழும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, இவர்கள் முகத்தில் கூடுதலாக இருக்கிறது. வெயில், அடுப்புச் சூடு, காரம், மது, மன அழுத்தம் எல்லாம் தூண்டிவிடுபவை. மிளகாயின் காரத்தையும் நெருப்பின் சூட்டையும் நரம்பு உணர்வது ஒரே வாசல் வழியாகத்தான். கொதிக்கக் கொதிக்க ரசம் குடித்தால் முகம் ஏன் பற்றி எரிகிறது என்பது இதை அறிந்தபோதுதான் புரிந்தது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு கிரீம்களை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. போட்டதும் அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். ரோசேசியா இல்லாத முகத்திலும் அதே போன்ற ஒன்றை அவை உண்டாக்கிவிடும். தயவுசெய்து தொடாதீர்கள்.

மெட்ரோநிடசோல் 0.75% ஜெல்லை காலையும் இரவும் போட வேண்டும். நான் வாங்கியதில் இதுதான் விலை குறைவு, எரியவும் இல்லை. மூன்று மாதத்தில் கட்டிகள் பாதியாகின. குறை என்னவென்றால், நிறுத்திய சில வாரங்களிலேயே திரும்ப வந்துவிட்டன.

அசெலாயிக் ஆசிட் 15% ஜெல்லுக்கு நம் நிறத்தவர்களுக்கென்றே ஒரு நல்ல குணம் உண்டு: தோலில் கருமை உண்டாவதையும் அது குறைக்கும். 2003-இல் வந்த ஓர் ஆய்வில் 251 பேரிடம் 15 வாரம் ஒப்பிட்டபோது, கட்டிகள் இதில் 72.7%, மெட்ரோநிடசோலில் 55.8% குறைந்தன. கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் எரியும். சித்திரை வெயிலில் வியர்வையோடு சமையல்கட்டில் நிற்கும்போது அந்த எரிச்சலை என்னால் தாங்க முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் போடாமல் விட்டால் எந்த மருந்துதான் வேலை செய்யும்?

ஐவர்மெக்டின் 1% கிரீமை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை போட்டால் போதும். நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என ஐந்து இடத்துக்கும் தலா ஒரு பட்டாணி அளவு. டெமோடெக்ஸைக் கொல்வதோடு அழற்சியையும் இது தணிக்கிறது. எனக்கு முதல் பத்து நாள் கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது, பயந்தேன். ஆறாவது வாரத்தில் நன்றாக அடங்கிவிட்டது.

962 பேரிடம் 16 வாரம் நடந்த ஆய்வில் கட்டிகள் ஐவர்மெக்டினில் 83%, மெட்ரோநிடசோலில் 73.7% குறைந்தன. இந்த வித்தியாசம் மட்டும் என்றால் விலை குறைந்ததே போதும் என்றிருப்பேன். என்னை முடிவெடுக்க வைத்தது அதன் தொடர்ச்சிதான். குணமானவர்களுக்கு மருந்தை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். நோய் மீண்டும் தலைகாட்ட ஆன நாட்களின் இடைநிலை அளவு மெட்ரோநிடசோலில் 85, ஐவர்மெக்டினில் 115.

முப்பது நாள் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ரோசேசியா முழுதாகப் போகிற நோய் இல்லை, அடக்கி வைக்கிற நோய். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மறுபடி பல வாரம் மருந்து, அந்த வாரங்களில் எழும் ஒவ்வொரு கட்டிக்கும் மாநிறத் தோலில் மாதக்கணக்கில் நிற்கும் ஒரு கறுப்புத் தடம். முதல் தடம் மறைவதற்குள் அடுத்தது விழுகிறது. ஆகவே அடங்கியிருக்கும் காலம் நீளுவதுதான் நமக்கு உண்மையான லாபம். கார்த்திகையில் நிறுத்திய எனக்குப் பங்குனி கடைசியில்தான் இரண்டு கட்டி வந்தது. நடுவில் குளிர்காலம் இருந்ததால் மொத்தப் பெருமையையும் கிரீமுக்கே கொடுக்க முடியாது.

இந்த மூன்றும் கட்டிகளுக்குத்தான். முகம் குப்பென்று சூடாகிச் சிவப்பதும், மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிவதும் இவற்றால் அவ்வளவாக மாறாது. பிரிமோனிடின் ஜெல் சில மணி நேரம் சிவப்பைக் குறைக்கும். சிலருக்கு அப்புறம் இன்னும் அதிகமாகத் திரும்புகிறது. குழாய்களுக்கு லேசர் உண்டு, நான் செய்ததில்லை. கறுத்த தோலில் லேசரால் புண்ணோ திட்டோ ஏற்படும் அபாயம் கூடுதல் என்பதால், அனுபவமுள்ள கையாகப் பார்த்துப் போங்கள். கட்டிகளுக்குத் தரும் குறைந்த அளவு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் நான் எடுத்ததில்லை. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தினால் இந்தக் கிரீம் எதுவும் உதவாது. ரோசேசியா கண்ணையும் தாக்கும். தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் போய், முகத்தில் ரோசேசியா இருப்பதையும் சொல்லுங்கள்.