குவில்ட் பைண்டிங்: கையால எம்மிங்கா, முழுக்க மெஷின்லயா?

அக்காட மகளுக்கு 40க்கு 50 இஞ்சில ஒரு குவில்ட், அதாவது ரெண்டு துணிக்கு நடுவில பஞ்சு வைச்சுத் தைக்கிற போர்வை, தைச்சனான். ஓரத்தைச் சுத்தி மூடுற பட்டியத்தான் பைண்டிங் எண்டுறது. அதை முன்பக்கம் மெஷின்ல அடிச்சு, பின்பக்கம் மடிச்சு கையால எம்மிங் பண்ணினது, மூண்டு பின்னேரம் போச்சு. நூலே தெரியாம அவ்வளவு வடிவா இருந்துது. ஆனா சின்னப்பிள்ளையின்ட சாமான் எண்டா கிழமைக்கு ரெண்டு தரம் வாஷிங் மெஷினுக்குள்ள போகும்தானே, நாலு மாசத்தில கால்மாட்டு மூலையில நாலு விரல் நீளத்துக்கு எம்மிங் விட்டு, உள்ளுக்க இருந்த வாடிங் பஞ்சு வெளிய வந்திட்டுது.

அதுக்குப் பிறகு தைச்ச ரெண்டும் முழுக்க மெஷின்லதான். இனியும் அப்பிடித்தான்.

துணி, வெட்டு எல்லாம் ரெண்டுக்கும் ஒண்டுதான். கொழும்பு கெய்சர் வீதில வாங்கின 45 இஞ்சு அகல கொட்டன், 2½ இஞ்சில அஞ்சு பட்டி, குறுக்கா சரிச்சு மூட்டி, ரெண்டா மடிச்சு மினுக்கி எடுக்கிறது. ஓரம் நேரா இருந்தா நேர்ப்பட்டி போதும், வளைஞ்ச ஓரத்துக்குத்தான் கிராஸ் பீஸ், அதாவது துணியச் சாய்வா வெட்டின பட்டி, வேணும். கடும் சிவப்பு, நீலம் எண்டா முதல்லயே அலசிப் போடுங்கோ, சாயம் இறங்கினா வெள்ளைத் துண்டெல்லாம் பழுதாப் போகும்.

வித்தியாசம் தெரியிறது தோய்க்கேக்கதான். கை எம்மிங்ல ஓடுறது ஒரே ஒரு நூல், அது ஒரு இடத்தில அறுந்தா ரெண்டு பக்கமும் இளகிக்கொண்டே போகும். மெஷின் தையல்ல மேல்நூலும் கீழ இருந்து வாற பொபின் நூலும் ஒவ்வொரு தையல்லயும் ஒண்டையொண்டு பூட்டிப் பிடிக்கும், ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் லேசில விடாது. அதோட இங்க வெள்ளவத்தை ஃப்ளாட்டில பல்கனிக் கம்பியில ஈரத்தோட தொங்கப்போடேக்க தண்ணி குடிச்ச வாடிங்கின்ட பாரம் முழுக்க இழுக்கிறது ஓரத்தைத்தான், மழைக்காலத்தில அது ரெண்டு நாள் அப்பிடியே தொங்கும்.

மெஷின்ல செய்யிறதெண்டா முதல் பின்பக்கத்தில அடிக்கவேணும், இதுதான் முக்கியம். கால் இஞ்சிக்குக் கொஞ்சம் கூட விட்டு அடிச்சு, மூலைக்கு அதே அளவு முன்னுக்கு நிப்பாட்டி, பட்டிய மேல சரிச்சு மடிச்சு திரும்ப கீழ இறக்கி அடுத்த பக்கம் தொடங்கவேணும். பிறகு முன்பக்கம் மடிச்சு, முதல் தையல் மறையிற அளவுக்கு மட்டும் இழுத்து கிளிப் போட்டு, விளிம்போட மேல்தையல் அடிக்கிறது. கண் முன்னால அடிக்கிறதால தையல் கோணாது. முதல் முன்பக்கம் அடிச்சிட்டு, பின்பக்க மடிப்பையும் முன்னால இருந்தே சேத்துப் பிடிக்கலாம் எண்டு சிலபேர் செய்வினம், நானும் ஒரு துண்டில அடிச்சுப் பாத்தன், பின்னால ஒரு இடம் பிடிச்சிருக்கு, அடுத்த இடம் விட்டிருக்கு.

மேல்நூல் பைண்டிங் நிறத்தில, பொபின் நூல் பின்பக்கத் துணி நிறத்தில போட்டா பின்னால விழுற தையல் கண்ணுக்குத் தெரியாது. தையல் நீளம் 3 மில்லிமீற்றர். மேல் துணியையும் கீழ்த்துணியோட சேத்து நகர்த்துற வோக்கிங் ஃபுட் இல்லாம மட்டும் தொடங்காதேங்கோ, மேல் துணி தள்ளுப்பட்டு பைண்டிங் அலை அலையா வரும். முழு வேலையும் ரெண்டு மணித்தியாலம்.

சுவரில மாட்டுற குவில்ட், தோய்க்காம வைக்கிற குவில்ட் எண்டா கை எம்மிங்தான் வடிவு, அதில நான் வாதாடமாட்டன். டபிள் கட்டில் அளவில நான் இன்னும் ஒண்டும் தைக்கேல்ல, அந்தப் பாரம் மேசையால சரிஞ்சு தையல இழுக்கும் எண்டுதான் நினைக்கிறன், பக்கத்தில இன்னொரு மேசை போட்டா சமாளிக்கலாம்.

அக்காட குவில்ட்ட போன கிழமை திருப்பி வாங்கினன். விட்ட இடத்தை மட்டும் தைப்பம் எண்டு பாத்தா மற்ற மூலையும் இளகத் தொடங்கியிருக்கு. முன்பக்கத் தையலையும் சேத்து 180 இஞ்சும் பிரிச்சு, அதே பட்டிய மினுக்கி, இந்தமுறை பின்பக்கத்தில இருந்து அடிச்சுக் குடுத்திட்டன்.