எஃப்.டி. என்று நினைத்துப் போட்ட மொய்ப் பணம்

கையில் பணத்தோடு மார்ச் மாதம் பேங்குக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கிருஷ்ணகிரியில் எங்களுக்கு நடந்தது. எந்த பேங்க், எந்த இன்சூரன்ஸ் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு கிளையில்தான் இப்படி என்று நினைத்து, பக்கத்துத் தெருக் கிளையில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2024 ஆவணியில். அவருக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 24,000 வரும். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஐந்தாயிரம் கிடைக்கும், ஆடியில் மெஷின் தூங்கும். வாடகை 6,500. பால், மளிகை, பெட்ரோல், அவர் அம்மாவின் சுகர் மாத்திரை எல்லாம் போக மாதம் மூவாயிரம் நிற்பதே பெரிய விஷயம். கணக்கு நோட்டு என் பொறுப்பு. அவர் சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட்டு டீ செலவுக்கு என்னிடம் கேட்கிற ஆள்.

கல்யாணத்துக்கு வந்த மொய்யில் பந்தல்காரர், சமையல்காரர் பாக்கியெல்லாம் தீர்த்தது போக 2,40,000 மிச்சம் இருந்தது. மொய் நோட்டை என் கையில் கொடுக்கும்போதே மாமா சொல்லிவிட்டார்: "இதை உங்க பணம்னு நினைச்சுடாதம்மா. ஊர்ப் பணம். பேருக்குப் பேர் திருப்பிச் செய்யணும்." எங்கள் பக்கம் மொய் என்பது வட்டியில்லாக் கடன்தான். யார் வீட்டில் எப்போது பத்திரிகை வரும் என்று தெரியாது. அதனால் அந்தப் பணம் பத்திரமாகவும் இருக்க வேண்டும், கேட்டால் கைக்கும் வர வேண்டும்.

சீட்டு வேண்டாம் என்பதில் இரண்டு பேருமே உறுதியாக இருந்தோம். 2012இல் ஈமு கோழியில் பணத்தை விட்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். தீபாவளிச் சீட்டு பிடித்தவர் ஐப்பசியில் ஊரை விட்டுப் போன கதை தெருவுக்கு ஒன்று உண்டு. பேங்க் என்றால் பயமில்லை. ஐந்து லட்சம் வரை டெபாசிட்டுக்கு காப்பீடு உண்டு என்று பாஸ்புக்கிலேயே முத்திரை குத்தியிருக்கிறார்களே என்று, 2025 மார்ச் கடைசி வாரம் அவர் நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் கிளம்பினோம். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆளைக் கையெழுத்துப் போடக் கூட்டிக்கொண்டு போனது என் முதல் தப்பு.

"எஃப்.டி. போடணும்" என்றேன். கவுண்டரில் இருந்த அம்மா மூலையில் இருந்த மேஜையைக் கைகாட்டினார். அங்கே ஒரு இளைஞர், கழுத்தில் அட்டை. அவர் பேங்க் ஊழியர் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. பேங்குகள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்து பாலிசி விற்கலாம், அதற்குக் கமிஷனும் உண்டு. மார்ச்சில் கணக்கு முடிக்கிற நேரம், டார்கெட் நெருக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

"எஃப்.டி.ல ஏழு பர்சென்ட்தான் சிஸ்டர். இதுவும் அதே மாதிரிதான், ஆனா கேரண்டி வருமானம், இன்சூரன்ஸ் ஃப்ரீ" என்றார்.

"நடுவுல எடுக்கலாமா?"

"எப்ப வேணும்னாலும்."

"ஒரே தடவை கட்டினா போதுமா?"

"ஒரே தடவைதான்."

அப்புறம் டேப்லெட்டை எடுத்து என் வீட்டுக்காரருடைய உயரம், எடை, சுகர் இருக்கிறதா, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். பணம் போட வந்தவனுக்கு எடை எதற்கு என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, எழுந்து வந்திருக்க வேண்டும். எஃப்.டி.க்கு உங்கள் எடை யாருக்கும் தேவையில்லை.

போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னோம். டேப்லெட் கண்ணாடியில் இவர் விரலால் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து அந்த ஆளே கூப்பிட்டு, "கம்பெனியிலிருந்து ஒரு கால் வரும் சார், எல்லாத்துக்கும் யெஸ் சொல்லிடுங்க, இல்லன்னா டிலே ஆயிடும்" என்றார். கால் வந்தபோது இவர் கம்பெனி பஸ்ஸில், சூளகிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பாதி காதில் விழவில்லை. யெஸ், யெஸ், யெஸ். அந்த மூன்று யெஸ்ஸைத்தான் பிறகு எங்களுக்கே போட்டுக் காட்டினார்கள்.

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. இரண்டு லட்சம் போட்டோம், போனது 2,09,000. கேட்டதற்கு, "அது டாக்ஸ் சிஸ்டர், அப்புறம் திரும்பி வந்துடும்" என்றார். கணக்கு நோட்டில் "9,000 வரி, வரும்" என்று எழுதி வைத்தேன். இப்போதும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் என் மேலேயே கோபம் வரும். எஃப்.டி. போடுவதற்கு எந்த ஊரிலும் ஜி.எஸ்.டி. கிடையாது. அந்த மாதிரி ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கு அப்போது முதல் வருஷப் பிரீமியத்தில் 4.5 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. இரண்டு லட்சத்துக்கு ஒன்பதாயிரம், சரியாக வருகிறதா? 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு அந்த வரியே இல்லை. எங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு துப்பும் இனி உங்களுக்குக் கிடைக்காது.

வைகாசி வந்தது. ஒரே மாதத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை. அதில் ஒன்று இவருடைய பெரியப்பா மகளுக்கு, காவேரிப்பட்டணத்தில். எங்களுக்கு அவர்கள் செய்தது 25,000. மூன்றுக்கும் சேர்த்து எழுபதாயிரத்துக்குக் குறையாது. எஃப்.டி.யை உடைக்கலாம் என்று பேங்குக்குப் போனோம். கம்ப்யூட்டரைப் பார்த்த அலுவலர், "உங்க பேர்ல எஃப்.டி.யே இல்லையே" என்றார்.

இருந்தது ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருஷம் இரண்டு லட்சம், பத்து வருஷம் கட்ட வேண்டும். எங்கள் மொத்த வருமானமே வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தைத் தொடாது. ஒரு வருஷம் முடியும் முன்னால் சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியில் விட்டுப் பணம் கேட்டால், கைக்கு ஒன்றும் வராது. மூலை மேஜை காலியாக இருந்தது. அந்த ஆள் வேறு கிளைக்குப் போய்விட்டாராம். மேனேஜரிடம் கேட்டால், "ஓடிபி நீங்கதானே கொடுத்தீங்க?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது, நாங்கள்தான் கொடுத்தோம்.

கல்யாணத்துக்கு என் வளையல் இரண்டு சவரனை அடகு வைத்து 80,000 வாங்கினோம், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் வெறும் கையோடு நின்றேன். அத்தை தன் கையில் இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் சண்டை. எங்களுக்குள் ஒரு வாரம், அதற்குப் பிறகு கம்பெனியோடு. எங்களுக்குள் நடந்ததை விட்டுவிடுகிறேன். கம்பெனியோடு நடந்தது உங்களுக்கு உதவும்.

பாலிசி ஆவணம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஃப்ரீ லுக் என்பார்கள். சின்னச் சின்னப் பிடித்தம் போக முழுப் பணமும் வரும். அந்த நாள் தாண்டிவிட்டது என்று கம்பெனி பதில் அனுப்பியது, கூடவே அந்த யெஸ் யெஸ் பதிவையும். நான் விடவில்லை, நாங்கள் கொடுத்ததாகச் சொல்லும் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டேன். அது வந்த அன்றைக்குத்தான் எங்களுக்கு உயிர் வந்தது. இவர் "சொந்தத் தொழில்" செய்கிறாராம், வருஷ வருமானம் பதினோரு லட்சமாம். ஈ-மெயில் முகவரி யாருடையது என்றே தெரியவில்லை. பெயரையும் உயரத்தையும் எடையையும் தவிர அதில் உண்மையே இல்லை.

அந்த ஈ-மெயில்தான் எங்களைக் காப்பாற்றியது. பாலிசி ஆவணம் அந்த முகவரிக்குப் போயிருக்கிறது. எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. கிடைக்காத ஆவணத்துக்கு 30 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடும்? இந்தக் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி, சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு வைத்து, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் தளத்தில் புகார் போட்டேன். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். கம்பெனி திரும்பவும் மறுத்தது. மறுத்த கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) எழுதினேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஐம்பது லட்சம் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான். வீடியோ காலில் விசாரணை என்று தேதி வந்தது. அதற்குள் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, பாலிசியை ரத்து செய்து பணத்தைத் தந்துவிடுகிறோம், புகாரை முடித்துக்கொள்ளலாமா என்றார். ஆறு மாதமாக நாங்கள் பொய் சொல்கிறோம் என்று எழுதியவர்கள்.

2025 நவம்பரில் 2,09,000 கணக்கில் ஏறியது. வட்டி கிடையாது. அடகு வட்டி நாலாயிரம், ஜெராக்ஸ், ரிஜிஸ்டர் தபால், இவர் லீவு போட்ட நாட்களின் சம்பளம் எல்லாம் எங்கள் கணக்கில்.

பணத்தில் ஐம்பதாயிரத்தை சேவிங்ஸிலேயே விட்டுவிட்டேன். மிச்சத்தில் தலைமைத் தபால் ஆபீஸில் ஒரு வருஷ டெபாசிட், ஐம்பது ஐம்பதாயிரமாக மூன்று. அப்போது வட்டி 6.9 சதவீதம். அவசரம் என்றால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், அதுவும் ஆறு மாதம் ஆன பிறகு. படிவத்தைக் கவுண்டரில் நின்றே முழுக்கப் படித்தேன். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் முணுமுணுத்தார், பரவாயில்லை.

வளையலை மீட்டாயிற்று. மொய் நோட்டில் இன்னும் நாற்பத்தி மூன்று பேருக்குச் செய்ய வேண்டும். அடுத்தது தையில், ஊத்தங்கரையில்.