பரிசுப் பெட்டிக்குள் பில்: பிரிண்ட்-ஆன்-டிமாண்ட் மெர்ச் கடை, சில வருட அனுபவம்

சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தச் செலவில் ரெக்கார்ட் செய்து வெளியிடும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "விடுமுறை சீசன் வருது. நீங்க வச்சிருக்கிற அதே பிரிண்ட்-ஆன்-டிமாண்ட் கடையில நானும் ஒண்ணு திறந்துடலாமா?" திற, திறக்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் இது.

சட்டை, ஹூடிக்கான டிசைனை ஏற்றிவிட்டால் போதும், ஆர்டர் வந்த பிறகு அந்த நிறுவனத்தாரே அச்சடித்து அவர்களே அனுப்புவார்கள், அடக்க விலை போக மிச்சம் நமக்கு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், விளக்கப் போவதில்லை. நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். நான் சொல்லப்போகும் விஷயத்தை எந்தக் கடையைத் திறப்பதற்கு முன்பும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையவே இருக்கிறது. இதற்கு முன்னால் டி-ஷர்ட்டை மொத்தமாக ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டு வைத்துதான் விற்றோம். எம், எல் சைஸ் இரண்டும் முதல் கச்சேரியிலேயே பறந்துவிடும். சின்ன சைஸும் ரொம்பப் பெரிய சைஸும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். போட்ட பணம் அந்தப் பெட்டிகளில் முடங்கிக் கிடக்கும்போது அடுத்த பாட்டை மிக்ஸ் செய்யக் காசு இருக்காது. இந்தக் கடை வந்த பிறகு அந்தத் தொல்லை அடியோடு போனது. நமக்கு வர வேண்டிய பணம் சொன்ன தேதியில் வந்துவிடுகிறது. புது டிசைனை ராத்திரி ஏற்றினால் காலையில் விற்பனைக்கு இருக்கிறது. தனியாளாக இசை செய்பவருக்கு இது சாதாரண விஷயமில்லை.

அச்சும் மோசமில்லை. கறுப்புத் துணியில் நேரடியாக மையைத் தெளித்து அச்சிடும்போது அடியில் ஒரு வெள்ளைப் படலம் போட்டுத்தான் மேலே நிறம் வரும். அந்த மை பிடிப்பதற்காகத் துணிமேல் அடிக்கும் திரவத்தில் லேசான வினிகர் வாடை இருக்கும்; ஒரு துவைப்பில் போய்விடும். புதிதாக வாங்கியவர்கள் பயந்துபோய் மெயில் போடுவார்கள், பயப்பட வேண்டியதில்லை. நான் மேடையில் போட்டுப்போட்டுத் துவைத்த சட்டையில் நெஞ்சுப்பக்கம் கோடுகள் கொஞ்சம் மங்கியிருக்கின்றன, கழுத்துக்குக் கீழே மடிப்பு விழும் இடத்தில் மெல்லிய விரிசல். சுமார் 160 டிகிரி செல்சியஸில் சூடேற்றிப் பதிய வைக்கும் பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த மை) ஸ்க்ரீன் பிரிண்ட் இதைவிட உழைக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் இதுவும் தாங்குகிறது. இதில் எனக்குக் குறையே இல்லை.

குறை ஆரம்பிப்பது சீசனில்.

மற்ற மாதங்களில் கடைக்கு வருபவர் நம் பாட்டைக் கேட்டவர். தனக்காக வாங்குகிறார், தன் சைஸ் தெரியும், இரண்டு நாள் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வார். சீசனில் வருபவர் வேறு ஆள். கேட்பவரின் அக்காவோ, மனைவியோ, ஆபீஸ் நண்பரோ. நம் பாட்டை அவர் முழுசாகக் கேட்டிருக்கக்கூட மாட்டார். "அவனுக்கு இவங்க பாட்டுன்னா உயிர்" என்பது மட்டும் தெரியும். வாங்குபவர் ஒருவர், பிரிப்பவர் இன்னொருவர். இந்தச் சேவையை வடிவமைத்தவர்களுக்கு அந்த இரண்டு பேரும் ஒரே ஆள். எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் வருகிறது.

பெட்டிக்குள் வரும் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிசு ஆர்டர் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க எங்கள் டிரம்மர் வீட்டு முகவரிக்கு நானே ஒன்று போட்டேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உறை. அதைக் கிழித்ததும் கைக்கு முதலில் வருவது சட்டை இல்லை, நாலாக மடித்த மெல்லிய தாள். பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, அனுப்பும் செலவு, கழித்த தள்ளுபடி, எந்தத் தள்ளுபடிக் கோடை (code) போட்டு வாங்கியது என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. நான் சீசனுக்கென்று கொடுத்த கோடின் பெயரைப் பரிசைப் பெற்றவர் படிக்கிறார். அன்போடு அனுப்பியவருக்கு இதைவிடச் சங்கடம் என்ன இருக்கிறது?

அதோடு முடியவில்லை. ஆர்டர் படிவத்தில் போன் நம்பருக்கு ஒரே ஒரு கட்டம்தான். கூரியர்காரர் கூப்பிட வேண்டுமே என்று எல்லோரும் பெறுபவரின் நம்பரைத்தான் போடுவார்கள். உடனே அந்த நம்பருக்கு மெசேஜ் போய்விடுகிறது: இன்ன பாடகரின் கறுப்பு ஹூடி உங்களை நோக்கி வருகிறது என்று. பெட்டி வருவதற்கு முன்பே ரகசியம் வெளியே வந்துவிடுகிறது.

"அண்ணா, என் தம்பிக்கு அனுப்புறேன். அந்த பில்லை மட்டும் எடுத்துட்டு அனுப்ப முடியுமா?" என்று ஒரு பெண் மெயில் போட்டிருந்தார். என்னால் முடியாது. அந்தப் பார்சல் என் கையைத் தொடாமலே போகிறது. கட்டிலுக்கு அடியில் பெட்டி வேண்டாம் என்று எதை வரமாக நினைத்தேனோ, அதுவே சீசனில் கையைக் கட்டிப்போடுகிறது. ஒவ்வொரு வருடமும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுகிறேன். "உங்கள் கருத்தைக் குழுவிடம் தெரிவித்துள்ளோம்" என்ற அதே பதில் ஒவ்வொரு வருடமும் வருகிறது. "இது பரிசு" என்று ஒரு டிக் பெட்டி, டிக் அடித்தால் விலை அச்சாகாத தாள், இரண்டாவது போன் நம்பர். இவ்வளவுதான் கேட்கிறேன். இதைச் செய்ய வருடக்கணக்கில் என்ன தடை என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

இசைக்கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் டிஜிட்டல் ஆல்பத்தைப் பரிசாக அனுப்பத் தனி வழியே வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் வேறு, பெறுபவர் வேறு என்ற கணக்கு அங்கே முதலிலிருந்தே இருக்கிறது. கிஃப்ட் கார்டும் உண்டு. டிஜிட்டலுக்கு 15 சதவீதம், பொருள்களுக்கு 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய "பேண்ட்கேம்ப் வெள்ளி" என்று அறிவிக்கும் குறிப்பிட்ட நாட்களில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். அங்கே பட்டியலிடும் சிடியையும் கேசட்டையும் நாமே பேக் செய்வதால் பெட்டிக்குள் என்ன போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. வேலை அதிகம்தான். சீசனில் அந்த வேலைக்கு மதிப்பு இருக்கிறது.

கடைசித் தேதி விஷயமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தச் சேவை அறிவிக்கும் "கடைசி நாள்" பொருள் கூரியர் கைக்குப் போகும் கணக்கு. வீட்டுக்கு வந்து சேரும் கணக்கு இல்லை. அச்சடிக்கவே சில நாள் ஆகும். அதனால் என் பக்கத்தில் அவர்கள் சொல்வதற்கு ஒரு வாரம் முன்னதாகவே சட்டை விற்பனையை நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பிறகு பாட்டை இறக்கிக்கொள்ளும் டவுன்லோட் கோடு மட்டும்தான். மெயிலில் போகும், தாமதமாகாது. அதோடு வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ளும்படி ஒரு பக்கத்தில் ஒரு வாழ்த்து அட்டையும் வைத்திருக்கிறேன். வெறும் கோடைக் கையில் கொடுக்க யாருக்கும் மனசு வராது, அந்த அட்டையில் எழுதிக் கொடுக்கலாம்.

வினைல் இசைத்தட்டு பற்றியும் நண்பர் கேட்டார். அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகும், வருடக் கடைசிக்கு வேண்டுமென்றால் வருடப் பாதிக்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். 12 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடத்துக்கு மேல் திணித்தால் சத்தம் மெலியும். இந்த சீசனுக்கு மறந்துவிடலாம்.

எதிர்பார்க்காமல் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. அது இந்தக் கடைக்கு வெளியே நடந்தது. சைஸ் கேட்காத பொருள் ஏதாவது வேண்டும் என்று யோசித்தபோது முதலில் மக் போட்டேன். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதற்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குக் காசு கேட்பது வழக்கம். 20 x 15 x 15 பெட்டி என்றால் 0.9 கிலோ ஆகிறது, உள்ளே இருக்கும் மக் அதில் பாதி எடைகூட இருக்காது. உடையவும் செய்யும். எனவே தட்டையாகப் போகும் ஒன்று வேண்டும் என்று, பாட்டு வரிகளைக் கையால் எழுதி விற்க ஆரம்பித்தேன். ஏ5 அளவில் கனமான தாள், கீழே கையெழுத்து, பின்னால் டவுன்லோட் கோடு, வளையாத அட்டை உறை. ஆர்டர் போடும்போது "யாருக்கு? எந்த வரி?" என்று கேட்பேன்.

அதற்கு வரும் பதில்களை நான் எதிர்பார்க்கவே இல்லை. "என் வீட்டுக்காரர் இரண்டாவது சரணத்துல ஒரு வரியை எப்பவும் மாத்திதான் பாடுவார். அதைச் சரியா எழுதி, அவர் பேரைப் போட்டுத் தாங்க" என்று ஒருவர் கேட்டார். எழுதினேன். அவர் பாடும் வடிவத்தையும் கேட்டு வாங்கி, அடைப்புக்குறிக்குள் அதையும் சேர்த்தே எழுதினேன், ஏனென்றால் அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எழுதிய பாட்டு இன்னொருவர் வீட்டில் எப்படி வாழ்கிறது என்பது எந்த விற்பனைக் கணக்கிலும் எனக்குத் தெரிந்திராது. சட்டைகளில் கிடைக்கும் லாபத்தைவிட இந்தத் தாள்களில் கிடைப்பது ஒன்றும் குறைவில்லை. அனுப்பும் செலவும் சிறிது, திருப்பி அனுப்பினவர் யாரும் இல்லை.

ஆக, அச்சு நன்று, பணம் ஒழுங்கு, ஸ்டாக் தலைவலி இல்லை. என் கடையை மூடப் போவதுமில்லை, ஹூடி மாதிரி பருமனான பொருளை வீட்டில் அடுக்கி வைக்க எனக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில் "இந்த சீசனுக்கு அங்கே திறக்காதீங்க" என்பதுதான். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்றால், நேற்று ராத்திரியும் அந்த பில் பற்றி ஒரு மெயில் வந்தது. என் கடைப் பக்கத்தில் மேலேயே போட்டு வைத்திருக்கிறேன்: "பரிசு என்றால் உங்கள் சொந்த முகவரிக்கே வரவழைத்து, தாளை எடுத்துவிட்டு நீங்களே கொடுங்கள்." வெளியூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்புகிறவருக்கு இந்த யோசனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

சீசன் முடிந்த மறுவாரம் நண்பர் தாராளமாகத் திறக்கட்டும், டிசைனை ஏற்ற நானே உதவுகிறேன். அதுவரைக்கும் நல்ல தாள், நல்ல பேனா, அட்டை உறைகள் இவற்றை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எழுத ஆரம்பித்தால் கை வலிக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவு ஆர்டர் மட்டும் எடுக்கட்டும்.